உயர்விலைக் குவாட் கோர் பிராசசர் வேண்டாம்

அனுப்புநர்:
தி. குழல்வாய்மொழி, எம்.ஏ.,
சார்பதிவாளர் (ஓய்வு),
க/பெ. (மறைந்த) ஆ. தில்லைநாயகம்,
வடக்குத் தெரு, இலஞ்சி,
தென்காசி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
திரு. சிவனணைந்தபெருமாள் அவர்கள்,
தனி அலுவலர்,
பார்வையற்றோர் ஒலிநூல் மையம்,
குற்றாலம் சாலை, தென்காசி.

பொருள்: என் கணவர் நினைவாக நான் அளித்த நன்கொடையில் வாங்கப்படவுள்ள கணினிக்கு, விலை உயர்ந்த குவாட் கோர் பிராசசருக்குப் பதிலாகச் சாதாரண குவாட் கோர் பிராசசர் வாங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை:
1. எனது நன்கொடைப் பத்திரம், நாள் 12.04.2018.
2. எனது கடிதம், நாள் 06.07.2018.
3. தங்கள் பதில் கடிதம், நாள் 11.07.2018.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எழுபத்தாறு வயதானவள். இரண்டு ஆண்டுகளாகத் தங்கள் மையத்தில் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து வருகிறேன். இதைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் இம்மனு நாளை வேறு அலுவலர் கைக்கும் போகலாம் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

2. மையத்தின் பதிவு அறைக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு. ஆனி, ஆடியில் சாரல் அதன் மேல் விழும் ஓசையும், அருவிக்குப் போகும் வேன்களின் ஹாரன் ஓசையும் என் குரலோடு சேர்ந்தே பதிவாகின்றன. அவற்றைக் கணினியில்தான் நீக்க வேண்டும். இப்போதுள்ள பழைய கணினி ஒரு பாடத்தைச் சுத்தம் செய்யப் பத்து நிமிடம் எடுக்கிறது. அந்தப் பத்து நிமிடமும் வேறு எதையும் பதிய முடியாது. சென்ற மாதம் அது நடுவில் நின்றுபோனதில் தமிழக வரலாற்றின் எட்டாம் பாடம் முழுவதும் அழிந்தது. பதினாறு பாடங்களில் ஒன்பதே முடிந்துள்ளன. நவம்பரில் தேர்வு. அந்தப் பாடங்களை நம்பி இருப்பவர்கள் பதினொரு மாணவர்கள். அவர்களுக்கு வேறு புத்தகம் இல்லை.

3. இந்த நிலையைப் பார்த்தே ஏப்ரலில் நன்கொடைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். குவாட் கோர், அதாவது வேலையைப் பங்கிட்டு ஒரே நேரத்தில் செய்யும் நான்கு கோர் உள்ள பிராசசர் நல்லது என்று சொன்னவர் என் மருமகன். விலை உயர்ந்தது வேண்டும் என்பதை நானாகச் சேர்த்தேன். பத்திரத்தின் ஐந்தாம் பிரிவு பின்வருமாறு:

“உபயமாக வாங்கப்படும் கணினியில், வாங்கும் நாளில் கடையில் உள்ள குவாட் கோர் பிராசசர்களுள் விலை மிக உயர்ந்ததே பொருத்தப்பட வேண்டும். விலை குறைந்த மாற்று எக்காரணம் கொண்டும் கூடாது.”

இதை எழுதியதற்குக் காரணம் உண்டு. என் கணவரின் முதலாண்டு நினைவு நாளில் வேறொரு நிறுவனத்துக்குக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கொடுத்தேன். நான் தேர்ந்தது ஒன்று, அவர்கள் சுவரில் மாட்டியது வேறொன்று. அதற்குக் கீழே அவர் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இனி ஒருவரும் நுழைய இடமில்லாதபடி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

4. அவ்வாறே எழுதினேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் எழுதிய பத்திரங்களில் ஓட்டை தேடியவள் நான். என் பத்திரத்தில் ஓட்டை இருக்கக் கூடாது என்று ஒன்பதாம் பிரிவையும் சேர்த்தேன். நன்கொடையாளரோ அவர் வாரிசுகளோ நிபந்தனைகளை மாற்றக் கோர உரிமையற்றவர்கள் என்பது அப்பிரிவு. பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதினேன். அது முதலில் என்னையே தடுக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

5. கொள்முதலுக்கு முன், தென்காசியில் கணினிக் கடை வைத்திருக்கும் திரு. சமீர், ஐந்தாம் பிரிவின்படியான கணினி ஒன்றைச் சோதனைக்காக மையத்துக்கு அனுப்பினார். ஜூலை 2 முதல் 4 வரை அதில் வேலை செய்தோம். மையத்தின் தொழில்நுட்பப் பணியாளர் திருமதி மெஹர் பானு கடிகாரம் வைத்துக் குறித்த விவரம் இது. பழைய கணினி பத்து நிமிடத்தில் செய்ததைப் புதியது மூன்று நிமிடம் நாற்பது நொடியில் செய்தது. மறுநாள் கடைக்குச் சென்று அதே பாடத்தைச் சாதாரண குவாட் கோர் பிராசசர் உள்ள கணினியில் கொடுத்தோம். நான்கு நிமிடம் முப்பது நொடி ஆயிற்று. அதன் விலை, முன்னதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஐம்பது நொடிக்காக இரண்டு பங்கு அதிகம் கொடுக்கச் சொல்கிறது என் பத்திரம்.

6. விலை மட்டும் என்றால் இம்மனுவை எழுதியிருக்க மாட்டேன். கொடுக்கத் துணிந்தவள் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். குறை வேறு. அந்த உயர்விலைப் பிராசசர் வேலை செய்யும்போது மிகவும் சூடாகிறது. அதற்கென்று தனியாகப் பெரிய விசிறி வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஒரு பாடத்தைக் கணினி சுத்தம் செய்துகொண்டிருக்க, நான் அடுத்ததை வாசித்தேன். பதிவைக் கேட்டுச் சரிபார்ப்பவர் சுரண்டையிலிருந்து வரும் கிருபா. இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி, பிறவியிலேயே பார்வையற்றவர். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுக் காதொலிக் கருவியை (ஹெட்போனை) கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “ஆச்சி, நீங்க ரூமுல இருந்து வாசிச்சியளா, மாவு மில்லுல நின்னு வாசிச்சியளா?”

7. விசிறி ஓசையையும் கணினியிலேயே நீக்கிவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். நீக்கிப் பார்த்தோம். ஓசையோடு என் சகரங்களும் போய்விட்டன. சேரன் ஏரன் ஆனான். ஒவ்வோர் எழுத்தும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று கான்வென்ட்டில் கன்னியர்கள் எங்களை மேசை மேல் நிறுத்தி வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தை ஒரு விசிறிக்காக விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. சாதாரணப் பிராசசருக்கு அதனோடு வரும் சிறு விசிறியே போதுமானதாக இருந்தது. கடையில் அதே பாடத்தை வாசித்துப் பதிந்தபோதும், அருகில் காதை வைத்துத்தான் அது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

8. அந்த உயர்விலைப் பொருள் யாருக்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. கனமான கணினி விளையாட்டுகள் ஆடுவோருக்கு அதன் வேகம் தேவைப்படலாம். ஆனால் திரைப்படம் வெட்டி ஒட்டுவோர்கூட இன்று அதே விலைக்கு ஆறு கோர் உள்ளதை வாங்கிக்கொள்கிறார்களாம். கடைக்காரரிடம் நேரடியாகவே கேட்டேன். விற்றால் லாபம் அவருக்குத்தான். ஆனாலும் அவர், “ஆச்சி, போன வருஷம் நாலு கோர்னா உச்சம். இந்த வருஷம் கீழ்த்தட்டுலயே நாலு வந்துட்டு. நீங்க கேக்கது பந்தயக் குதிரை. இலஞ்சிக்கும் தென்காசிக்கும் வண்டி இழுக்கதுக்கு அது எதுக்கு?” என்றார். இரண்டு கோர் எங்களுக்குப் போதாது என்பதையும் சோதித்தோம். ஒரு பாடத்தைச் சுத்தம் செய்யும்போது அடுத்த பாடத்தைப் பதிவதில் தடங்கல் வருகிறது. ஆகவே நான்கு கோர் தேவை. அவற்றுள் உயர்விலை தேவையில்லை.

9. பிற்காலத்துக்கும் ஆகட்டும், இருக்கட்டும் என்று தாங்கள் நேரில் கூறினீர்கள். இதைப் பல நாள் யோசித்தேன். சென்ற ஆண்டின் உச்சம் ஓராண்டுக்குள் கீழ்த்தட்டுக்கு வந்துவிட்டது. அப்படியிருக்க, பிற்காலத்துக்கென்று இன்றே அதிகம் கொடுத்து எதைப் பிடித்து வைக்கப் போகிறோம்? மிச்சத்தை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அன்றைக்குள்ளதை வாங்குவதே சரி. பிற்காலத்தைப் பத்திரத்தில் எழுதிக் கட்டிவிடலாம் என்று நான் செய்த தவறை மையமும் செய்ய வேண்டாம்.

10. இவற்றைச் சுருக்கி 6ஆம் தேதி கடிதம் கொடுத்தேன். “ஐந்து மற்றும் ஒன்பதாம் பிரிவுகளுக்கு முரணானது” என்று ஒரு வரியில் பதில் வந்தது. நேரில் வந்தபோது தாங்கள், “அம்மா, நீங்களே எழுதுன பத்திரம். இதுல ஒரு எழுத்த நான் மாத்தினா தணிக்கையில என் தலைதான் உருளும்” என்றீர்கள். உண்மை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையே சொல்லியிருப்பேன், அம்மா என்றுகூட அழைத்திருக்க மாட்டேன். எனவே என் புகார் தங்கள் மீது அல்ல. அந்தப் பத்திரத்தை எழுதியவர் மீது. ஜூலை 31 அன்று கொள்முதல் ஆணை போய்விட்டால் இந்தப் புகாருக்கும் பயன் இராது.

11. ஆகவே என் பத்திரத்தை, வேறொருவர் பதிவுக்குக் கொண்டுவந்தது போல் வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இரண்டாம் பிரிவில் நோக்கம் கூறப்பட்டுள்ளது: “பார்வையற்ற மாணவர்கள் பாடங்களைத் தெளிவாகக் கேட்கும் பொருட்டு.” ஐந்தாம் பிரிவு இந்த நோக்கத்தையே கெடுக்கிறது. ஒன்பதாம் பிரிவு மாற்றம் கோரும் உரிமையை எனக்கும் வாரிசுகளுக்கும்தான் மறுக்கிறது. தனி அலுவலர் தாமாகவே நோக்கத்தைக் காப்பதை அது எங்கும் தடுக்கவில்லை. அந்த ஓட்டையை நான் அடைக்காமல் விட்டிருக்கிறேன். பணிக்காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இம்முறை கண்டதும் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

12. என் கணவர் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். கடைசி நான்கு ஆண்டுகள் சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை இல்லை. தினமும் காலையில் செய்தித்தாளை அவருக்கு வாசிப்பேன். சித்திரை வெயிலிலும் முதலில், “பேனை அமத்து, உன் சத்தம் கேக்கணும்” என்பார். நான் ஒரு வரியைத் தாண்டிப் போனால் கண்டுபிடித்துவிடுவார். கணினியின் மேல் பதிக்க, அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு செய்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அதை இரைச்சலிடும் ஒரு விசிறிக்கு மேல் பதித்துவிட வேண்டாம்.

எனவே ஐயா அவர்கள்,

(அ) இரண்டாம் பிரிவின் நோக்கத்தைக் காக்கும் பொருட்டு, ஐந்தாம் பிரிவை நிறுத்திவைத்துத் தாமாகவே ஆணை பிறப்பிக்கவும்;

(ஆ) சாதாரண குவாட் கோர் பிராசசர் உள்ள, ஓசை குறைந்த கணினியை வாங்கவும்;

(இ) மிச்சத் தொகையில் பதிவு அறைக் கூரையின் கீழ் ஓசை தடுக்கும் மெத்தைப் பலகை அடிக்கவும், கேட்டுச் சரிபார்ப்பவர்களுக்கு நல்ல காதொலிக் கருவிகள் வாங்கவும்

ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தணிக்கையில் கேள்வி வந்தால் காட்டுவதற்காக எனது ஆட்சேபணையின்மைக் கடிதம், மெஹர் பானு குறித்த நேர விவரம், இரண்டு கணினிகளிலும் பதிந்த ஒரே பாடத்தின் ஒலித்தட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஆணையிடும் முன் ஒலித்தட்டைத் தாங்கள் ஒருமுறை கேட்க வேண்டும். கேட்கும்போது தங்கள் அறையின் மின்விசிறியை நிறுத்திவிடவும்.

எட்டாம் பாடத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்க, வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல் வருவேன்.

இடம்: இலஞ்சி
நாள்: 16.07.2018

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தி. குழல்வாய்மொழி

இணைப்பு: மேற்கண்டவாறு மூன்று.