டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது

செப்டம்பர் 21

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் புதுப்பித்தாயிற்று. ஏஜெண்ட் தெட்சிணாமூர்த்தி சும்மா போகாமல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "ரோட்ல எதிர வர்றவங்களுக்கு அடிபட்டா கம்பெனி குடுக்கும்மா. டிரெய்லர்ல ஆள ஏத்தி ஒண்ணு ஆச்சுன்னா கைய விரிச்சிடும். வீடு, நெலம் வித்து நீங்கதான் கட்டணும்."

நடவு முடிந்ததும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப்போய் அவர்கள் தெருவில் இறக்கிவிடுவதுதான் வழக்கம். வீட்டுக்காரர் குவைத் போனதிலிருந்து வண்டி என் பொறுப்பு. எத்தனை முறை ஏற்றியிருப்போம்!

செப்டம்பர் 24

நடவு ஆரம்பம். டிராக்டர் ஓட்டும் மாரிக்கண்ணு வண்டியை எடுத்தான். நடவுப் பெண்களில் பூவாயி வழக்கம்போல டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். கீழவாஞ்சூர் ரோட்டில் நிலக்கரி லாரிகள் எப்படிப் பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவன் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். ஜெபமாலை கையில், வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

செப்டம்பர் 25

தூக்கம் இல்லை. வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, ஒப்புக்குக்கூட யாரும் அழவில்லை, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் - இப்படி ஒரு கனவு.

செப்டம்பர் 26

சொல்லிவிட்டேன். இனி வண்டியில் யாரும் ஏற வேண்டாம்.

காசியம்மா சண்டைக்கு வந்தாள். "நாள் பூரா குனிஞ்சு நட்டுட்டு நடந்தா போவச் சொல்றீங்க?" பூவாயிதான் அடக்கினாள். "விடுடி, அம்மா எதையோ நெனச்சுப் பயப்படுறாங்க."

ரோட்டோரமாக வரிசையாக நடந்து போனார்கள். காலி டிரெய்லர் அவர்களைக் கடந்து வீட்டுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 30

லாரி. பூவாயியை. வீட்டுக்கு நடந்து போகையில், வளைவில், பின்னாலிருந்து. மாரிக்கண்ணு ஓடி வந்து சொன்னான். நான் முதலில் என்ன கேட்டேன்? "நம்ம வண்டியா?" கடவுளே, அதைத்தான் கேட்டேன்.

அக்டோபர் 1

வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தெட்சிணாமூர்த்தி போன் செய்தார். "நல்லவேள நம்ம வண்டியில ஏத்தல. லாரிக்காரன் இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம். ஒங்க மேல ஒரு கேஸும் வராது, நிம்மதியா இருங்க."

நிம்மதியா?

அக்டோபர் 3

ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். பூவாயி என்ன கேட்பாளோ? கேட்டால் என்ன சொல்வேன்? பாலிசியில் இடமில்லை என்றா?

அக்டோபர் 5

போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"நீங்க பயப்படாதீங்கம்மா. ஒங்க வண்டி இல்லன்னு போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அக்டோபர் 7

மீதி நடவு. பெண்களைக் கொண்டுவிட வேன் ஏற்பாடு செய்தேன், ஆள் ஏற்ற பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் உள்ள வேன். ஒரே போனில் முடிந்தது. செப்டம்பரில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

சாயங்காலம் வேன் வந்து நின்றது. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று டிரைவர் கேட்டான். காசியம்மா என்னைப் பார்த்தாள்.

நான்தான் "போப்பா" என்றேன்.