மூச்சு வாங்கும் இடம்

லைப்சிக், நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

தூலிக்கி எழுதுவது. நம் ஊர் கெமியில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? இருமல் எப்படி இருக்கிறது? மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் சௌக்கியம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. என் மாணவி ஃப்ரீடரிக்கே பாட்டுத் தேர்வில் பாடினாள். கூடப் பியானோ வாசித்தது நான். கடைசி நீண்ட வரிக்கு அவள் மூச்சை இழுத்த சத்தத்திலேயே, அது காணாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேகத்தைச் சற்றுக் கூட்டி அவளைக் கரைசேர்த்தேன். தேறிவிட்டாள்.

"பொண்ணு நல்லா பாடினா. பியானோதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு" என்றார் தேர்வாளர்.

"என் தப்புதாங்க" என்றேன். பாடுகிறவரைக் காட்டிக்கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அவள் வீட்டாரோடு கேக் சாப்பிடப் போனாள். நான் பியானோவை மூடிவிட்டு அறைக்கு வந்தேன்.

பயிற்சி அறையில் கால் விறைத்துப்போகிறது. அம்மா பின்னிய கம்பளிக் காலுறை இன்னும் இருந்தால் ஒரு ஜோடி அனுப்புங்கள். பழையதானாலும் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். அந்த நாலு வார்த்தைக்குள் மூன்று முறை மூச்சு வாங்கினீர்கள். போன மாதம் ஒரு முறைதான். அடுத்தவர் மூச்சைக் கேட்பதுதான் என் பிழைப்பு, அப்பா. என்னிடம் மறைக்க வேண்டாம்.

பாடத்துக்கு நேரமாகிவிட்டது. வருகிற ஞாயிறு மெதுவாகவே பேசுங்கள். உங்களை நான் அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிற்பேன்.

தூலிக்கி