குப்பைக் கூடையிலிருந்து எடுத்த மூன்று ட்யூப்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இன்று காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் குப்பைக் கூடையைக் கிளறி, நேற்று ராத்திரி நானே வீசிய மூன்று காலி ட்யூப்களைத் தேடி எடுத்தேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம், என் இடுப்பில் உள்ளங்கை அளவு இடத்தைத் தவிர. நீயும் உன் தோள்பட்டை அரிப்பும் எப்படி இருக்கிறீர்கள்? அந்த மருந்தை நிறுத்து என்று நேற்று போனில் சொன்னேன், காரணம் கேட்டாய், மழுப்பிவிட்டேன். எழுதினால் மழுப்ப முடியாது.

தோல் டாக்டரிடம் பதினாறு வருடமாக நர்ஸாக இருப்பதால் நானும் முக்கால் டாக்டர் என்று எனக்கு ஒரு நினைப்பு. இடுப்பில் வட்டமாகச் சிவந்தபோது கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்து, எக்ஸிமா என்று நானே தீர்ப்பெழுதி, கிளினிக்கில் சாம்பிள் மருந்து கிடக்கும் டிராயரை, என் பொறுப்பில் இருக்கும் சாவியால் திறந்தேன். ஸ்டீராய்டு ட்யூப். மூன்றே நாளில் அரிப்பு போயிற்று, என்னை நானே மெச்சிக்கொண்டேன். நிறுத்தினால் திரும்ப வரும், திரும்பப் பூசுவேன், ஒரு ட்யூப் மாற்றி இன்னொன்று. வருகிறவர்களிடமெல்லாம் "கண்டதையும் பூசிட்டு வந்தா டாக்டர் என்னத்தைக் கண்டுபிடிப்பாரு" என்று அதட்டுகிற அதே வாய், ஐந்து மாதம் மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் வட்டமும் இல்லை, விளிம்பும் இல்லை, காபி கொட்டிய மேசைத்துணி போல ஆனபிறகு டாக்டரிடம் காட்டினேன். "என்ன சிஸ்டர் போட்டீங்க" என்றார். "ஒண்ணும் போடலை சார்" என்றேன். "நீங்க சொன்னா சரிதான்" என்று மேற்கொண்டு கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் தடித்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, அபூர்வமான நோயாக இருக்கலாம், சனிக்கிழமை சதை எடுத்துப் பரிசோதிப்போம், மற்ற டாக்டர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். பதினொரு பேர் என் இடுப்பைப் பார்க்கப் போகிறார்கள். உன் அப்பா "நீ அபூர்வமான ஆளுன்னு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்று கிண்டல் செய்தாலும், நான்கு நாளாகப் பாத்திரம் அவர்தான் கழுவுகிறார். பயந்துவிட்டார் பாவம்.

நேற்று ஒரு தையல்காரர் வந்தார், அவர் முதுகும் என் இடுப்பைப் போலவே. என்ன பூசினார் என்பதை ஒளிக்காமல் சொன்னார், நான் பூசிய அதே ஸ்டீராய்டு. டாக்டர் ஒரு நிமிடத்தில், "இது சாதாரணப் படர்தாமரைதான், அந்த மருந்து அதை மறைச்சு வளர்த்துவிட்டிருக்கு" என்றார். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துதான் உனக்குப் போன் செய்தேன். நான்காவது ட்யூப் உன்னிடம் அல்லவா இருக்கிறது, போனிலேயே எக்ஸிமா என்று சொல்லி நான்தானே அனுப்பினேன்.

அதனால் கண்ணே, அங்கே ஒரு டாக்டரிடம் போ. தோளைக் காட்டும் முன் ட்யூபைக் காட்டு, அம்மா கொடுத்தாள் என்று கூசாமல் சொல். துண்டைத் தனியாக வைத்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமைவரை நான் காத்திருக்கப் போவதில்லை. உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளை காலை டாக்டர் வந்து உட்கார்ந்ததும் இந்த மூன்று ட்யூப்களையும் டிராயர் சாவியையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டு, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்காரப் போகிறேன்.

உன் அம்மா