நீ கட்டிவிட்ட சீரியல் லைட்டு

அன்புள்ள சகாயராணி,

நான் நன்றாக இருக்கிறேன், சளி மட்டும் விடவில்லை. உன் முட்டிவலி குறைந்ததா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

பயப்படாதே, எனக்கு அடி ஒன்றும் இல்லை. இங்கே புனேயில் போலீஸ் மறித்து, லாரியை ஸ்டேஷனில் நிறுத்திவிட்டார்கள். ஈஸ்டருக்கு லோடு இறக்கக் கடத்தூர் வந்தபோது, முன் கண்ணாடியில் மாதா சுரூபத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக மின்னுகிற சீரியல் லைட்டு கட்டினாயே, அதுதான் காரணம். அந்த நிறம் போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ் மாதிரி வண்டிகளுக்கு மட்டும்தானாம். நம் பக்கம் பாதி வண்டியில் மின்னுகிறது, யார் கேட்டார்கள்?

ஒயரை என்னையே அறுக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமை கோர்ட்டு. லைசென்ஸ் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நம் சேலத்து ஓனர், "அன்னிக்கும் வண்டி வரலைன்னா வேற டிரைவரப் போட்டுக்கறேன் கஸ்பாரு" என்று கத்தினார். கத்திவிட்டு மறந்துவிடுவார்.

கட்டியது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன். "நீங்க எங்க போனாலும் மாதா வெளிச்சம் காட்டணுங்க" என்று நீ சொன்னதை எந்த பாஷையில் அவர்களுக்குச் சொல்வது?

மாதாவை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். இங்கே தங்கியிருக்கிற அறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், பேச்சுத்துணைக்கு ஆச்சு. ஊருக்கு வந்து இங்கே திரும்பும் டிரைவர் டேவிட்ராஜிடம் பருப்புப்பொடி கொடுத்துவிடு. கோயிலில் விற்கிற மெழுகுவர்த்தியும் ரெண்டு வை. அதற்கு எந்த ஊரிலும் கேஸ் போடமாட்டார்கள்.

ஓனர் போனில் கூப்பிடுகிறார்.

உன் கஸ்பார்