கடலடியில் காத்திருக்கும் ஊர்தியை ஒருமுறை அழைக்கக் கோருதல்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்
(ஊர்திப் பிரிவுப் பொறியாளரின் தந்தை),
பணியாளர் குடியிருப்பு, மூன்றாம் தளம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஆழ்கடல் ஆய்வு நிலையம்.

பொருள்: கைவிடப்பட்ட ஆளில்லா ஊர்திக்கு மேலேறும் அழைப்பு ஒலியைக் கொடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பணியாளர்கள் 'உம்மணாமூஞ்சி' என்று செல்லமாகக் கூப்பிடும் தங்கள் தானியங்கி ஊர்தி, சென்ற மாதம் கடலடியிலேயே விடப்பட்டது. அது பழுதடைந்துவிட்டதாகவும் கோப்பு முடிக்கப்பட்டதாகவும் அப்பிரிவுப் பொறியாளரான என் இளைய மகளுக்குத் தங்கள் அலுவலகம் தெரிவித்துள்ளது. அது பழுதடையவில்லை என்பதே என் முறையீடு.

2. முந்தைய சோதனையொன்றில் அது தானாக மேலே வந்து கப்பலின் அடியில் மோதியது. அதன்பின், கப்பலிலிருந்து ஒலி வந்தால் மட்டுமே ஏற வேண்டும் என்று அதற்குக் கற்பித்தவள் என் மகள். எவ்வளவு காலம் பொறுத்திருக்கும் என்று பார்ப்பதே சென்ற மாதச் சோதனையின் நோக்கம். ஆகவே கெடு எதுவும் வைக்கவில்லை. திடீரெனப் புயல் வந்தது. ஒலி கொடுக்காமலே அழைப்புக் கருவியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டு கப்பல் திரும்பிவிட்டது. ஆட்களைக் காப்பாற்றிய கப்பல் தலைவரை நான் குறை கூறவில்லை.

3. ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்க வேண்டும். கண்ணாமூச்சி ஆட்டத்தில், கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்று ஒரு பிள்ளையிடம் சொல்கிறோம். மழை பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை பழுதாகிவிட்டது என்று எழுதிவைப்போமா? "அது சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்குப்பா" என்கிறாள் மகள்.

4. அந்த அழைப்பு மூன்று சுரம் கொண்டது. பாத்திரம் கழுவும்போது அவளையறியாமல் அதை முணுமுணுக்கிறாள். பிறகு குழாயை மூடிவிட்டு, தலை சாய்த்து நிற்கிறாள். முதலில் என் மனைவி, "என்னடி, யாரு வர்றா?" என்று கேலி செய்தாள். இப்போது அவளும் கரண்டியை வைத்துவிட்டு நிற்கிறாள். நானும் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். எதைக் கேட்கக் காத்திருக்கிறோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

5. உறக்க நிலையில் அதன் மின்கலம் அடுத்த மாத இறுதிவரை தாங்குமாம். தங்கள் அளவைக் கப்பல் வரும் வாரம் அவ்வழியே செல்லவிருக்கிறது. சற்று நேரம் அங்கே நிறுத்தி, கருவியை இறக்கி, ஒரேயொரு முறை அழைக்க ஆணையிட வேண்டுகிறேன். என் மகளை ஏற்ற இயலாவிடில், வேறு எவர் அழைத்தாலும் போதும்.

6. அழைத்தும் வரவில்லையென்றால் அவள் அழுவாள். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அழைக்காமலே விட்டுவிட்டால் அவளிடம் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பொறியாளரின் தந்தை

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: ஆகஸ்ட் 14