நீ கடைசியாகச் சொன்ன சொல்

அன்புத் தோழிக்கு,

இன்று சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி அலமாரியில் கிடந்த மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்து, கொளுத்தி, மேசைமேல் வைத்தாள். மெழுகு உருகும் வாசனை வந்ததும் பாடத்தை விட்டுவிட்டுச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "க்யா ஹுவா, மேடம்?" என்று, என்ன ஆயிற்று என இந்தியில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு உன்னைத் தெரியாது. இப்போது வருகிற யாருக்குமே உன்னைத் தெரியாது.

இந்தத் தீவு நகரத்து அபர்டீன் பஜாரில் துணிக்கடைக்கு மேலே உள்ள இந்த அறையை நாம் இருவரும் சேர்ந்துதான் பிடித்தோம். பகலில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தினோம். சாயங்காலம் இங்கே பெரியவர்களுக்கு உச்சரிப்பு வகுப்பு. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து, கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவள். நீ கச்சால் தீவில் பிறந்தவள்; சிலோனிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம். எனக்கு இந்தத் தீவில் சொந்தம் என்று இருந்தது உன் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்.

மெழுகுவர்த்தி உன் யோசனை. அதை வாய்க்கு நேரே வைத்து, 'பென்' என்பதில் வரும் ஆங்கிலத்து 'பி'யைச் சரியாகச் சொன்னால் காற்று பட்டுச் சுடர் துள்ளும். நம் தமிழ்ப் 'ப'வுக்கு அது அசையவே அசையாது. வங்காளிகள் 'வெரி' என்பதை 'பெரி' என்பார்கள்; இந்திக்காரர்கள் ஸ்கூலுக்கு முன்னால் ஓர் 'இ' சேர்ப்பார்கள்; நம்மவர்களுக்கு 'எஃப்' வராது. யாரையும் நீ சிரிக்க விட்டதில்லை. "தப்பில்ல, பழக்கமில்ல. அவ்வளவுதான்" என்பாய். வெள்ளைக்காரன் மாதிரிப் பேச வேண்டும் என்று வருகிறவர்களிடம், "கேக்குறவங்களுக்குப் புரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிடுவாய்.

கீழ்க்கடை பாயை நினைத்துக்கொள்கிறேன். கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஒருநாள் படியேறி வந்து, "டீச்சர், ஒரு வெளிநாட்டுக்காரன்ட்ட 'புல் ஸ்லீவ், புல் ஸ்லீவ்'னு சட்டையக் காட்டுறேன், அவன் கையப் புடிச்சு இழுத்துப் பாக்குறான்" என்றார். இழு என்று சொன்னதாக அந்த ஆள் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்காமல், "மேல் பல்லு கீழ் உதட்டத் தொடணும் பாய். காத்து மட்டும் போகட்டும்" என்று உன் வாயையே காட்டினாய். மழைக்காலம் முழுக்க முயன்று அவர் அந்த 'எஃப்'பைப் பிடித்தார்.

பிறகு ஒரு காலையில், புரோத்ராபூரில் உன் வீட்டுக் குளியலறையில் நீ விழுந்தாய். பக்கவாதம். வலது கை ஓரளவு திரும்பியது, வாய்தான் திரும்பவில்லை. சொல்ல நினைத்தது எல்லாம் கொழகொழவென்று வந்தது. உதட்டுக்கும் நாக்குக்கும் தினமும் பயிற்சி கொடுத்தால் பேச்சு தேறும் என்றார் டாக்டர். அதை உனக்கா சொல்லித் தர வேண்டும்? ஆனால் நீ வாயைத் திறக்க மறுத்துவிட்டாய். சென்னையிலிருந்து உன் மகன் எழில் போன் செய்தால் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாய். "அம்மா ஏன் ஆன்ட்டி பேச மாட்டேங்குறாங்க?" என்று அவன் என்னிடம் கேட்பான். தூங்குகிறாய் என்று சொல்வேன்.

பள்ளி முடிந்ததும் பஸ் பிடித்து வந்து உன் எதிரில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்காருவேன். உன் பாடங்களையே உனக்குச் சொல்வேன். 'தப்பில்ல, பழக்கமில்ல' என்று நான் சொன்னபோது கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாய். அதற்குப் பிறகு நானும் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு வரத் தொடங்கினேன்.

பாய் உன்னைப் பார்க்க வந்தது அப்போதுதான். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "டீச்சர், நான் கழுத வயசுல வந்து உங்க முன்னாடி வாயக் கோணிட்டு நிக்கலையா? அந்த வெக்கம் எனக்கு மட்டுந்தானா?" என்றார். நீ அவரைப் பார்த்தாய். அவர் மெதுவாக, பல்லை உதட்டில் வைத்து, "ஃபுல் ஸ்லீவ்" என்றார். உன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நீ சிரிக்கிறாய் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். முதலில் உன் உதடுகள் சேரவே இல்லை. எச்சில் வழிந்தது, நீயே இடது கையால் துடைத்துக்கொண்டாய். விடாமல் செய்தாய். எந்த வாரத்தில் என்று நினைவில்லை, சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாய்.

அதன் பிறகு எழிலோடு பேசினாய். 'ழ' வரவில்லை, 'எயில்' என்றுதான் கூப்பிட்டாய். சாப்பிட்டாயா என்று கேட்டாய். "புரியுதும்மா. நல்லாப் புரியுது. இன்னொரு தடவ கூப்பிடு" என்றான்.

அவன் வந்து உன்னை மெயின்லாந்துக்குக் கூட்டிப்போவது நல்லது என்று நான்தான் சொன்னேன். இன்னும் நல்ல வைத்தியம், பக்கத்தில் மகன். விமான நிலைய வாசல்வரைதான் என்னை விட்டார்கள். சக்கர நாற்காலியிலிருந்து என் கையை இழுத்து நீ ஏதோ சொன்னாய். ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் புரியவில்லை. குனிந்து, "என்ன?" என்றேன். மறுபடி சொன்னாய். மூன்றாவது முறையும் சொன்னாய். பிறகு என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சிரித்தாய், பரவாயில்லை என்பதுபோல. நாற்காலி உள்ளே போய்விட்டது.

சென்னையில் உனக்கு இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்று எழில் போன் செய்தபோது இங்கே புயல் மழை; மறுநாள் விமானம் எதுவும் கிளம்பவில்லை. பள்ளியில் லீவு கேட்டேன். "உங்களுக்கு என்ன உறவு?" என்றார்கள். கூட வேலை பார்த்தவள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

இந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது நீ போன பிறகுதான். வங்காளிப் பிள்ளைகள் 'பிஜோய்புரம்' என்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதையே ஒரு வாரப் பாடமாக்கியிருப்பாய். பாயும் கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கீழக்கரைக்குப் போய்விட்டார். உன்னைப் பற்றிப் பேச இங்கே எனக்கு ஆள் இல்லை.

விமான நிலையத்தில் நீ என்ன சொன்னாய் என்று எழிலிடம் கேட்டேன். "கவனிக்கல ஆன்ட்டி, டிக்கெட் காட்டிட்டு இருந்தேன்" என்றான். ஆனால் உன் வாயை நான் பார்த்தேன். பிறர் வாயைப் பார்ப்பதுதானே நம் தொழில். முதலில் உதடுகள் சேர்ந்து பிரிந்தன. நாக்கு நுனி மேலே போகப் பார்த்துப் பாதியில் நின்றது. முடிவில் ஒரு நீண்ட 'ஆ'. 'பாத்துக்கோ'வாக இருக்குமோ என்று சொல்லிப் பார்த்தேன், முடிவு பொருந்தவில்லை. 'போயிட்டு வரவா' என்றும் பார்த்தேன். அதற்கு உதடு குவிய வேண்டும், உனக்குக் குவியவில்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அதைச் சொல்லிப் பார்க்கிறேன். உதடும் நாக்கும் நீ வைத்த இடத்திலேயே நிற்கின்றன. அர்த்தம் மட்டும் எனக்குத் தெரியாது. உச்சரிப்பு அப்படியே உன்னுடையது.