தெரியாமல் தின்ற ஒரு பிளேட்

3 ஜூன் 2025, செவ்வாய்

கோர்ட்டில் டைப் வேலை முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சத்யப்பிரியா ஒரு நோட்டீசை நீட்டினாள். ‘ராஜபாளையம் ராத்திரி உலா - சைனீஸ் தெருக்கடைகள்.’ சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, நாலு தள்ளுவண்டியில் தின்ன வைத்து, ஒன்பது மணிக்கு முடித்துவிடுவாளாம். எம்.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள் கண்டுபிடித்த வேலை இது. நூடுல்ஸ் தின்னப் போகிறவனுக்கு வழி தெரியாதா என்ன?

பஸ் ஏறிப் போய்ப் பார்க்க எட்டு மணிக்கு ராஜபாளையத்தில் என்னடி இருக்கிறது, மில் ஷிப்ட் விட்ட கூட்டமும் டாஸ்மாக் கூட்டமும்தானே என்றேன். அதைத்தான் காட்டப்போகிறேன் என்கிறாள். இவர் சிரிக்கிறார். மகள் என்ன சொன்னாலும் சிரிப்பார், அதற்கென்றே பிறந்த மனுஷன்.

7 ஜூன், சனி

முதல் உலா முடித்து வந்தாள். துப்பட்டாவெல்லாம் காறல் எண்ணெய் நாற்றம். தலைக்குக் குளிக்காமல் படுக்க விடவில்லை.

11 ஜூன், புதன்

வர்ற சனிக்கிழமை பெண்கள் மட்டும் போகிறார்களாம். என் ஆபீசிலேயே இரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பெற்ற தாயே வராவிட்டால் எவள் நம்பி வருவாள் என்று கேட்கிறாள். போய்த் தொலைகிறேன்.

வன்னியம்பட்டிச் சித்தி போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாக, ஜெயபாண்டி பட்டாளத்திலிருந்து மொத்தமாக வந்துவிட்டான், ராஜபாளையத்தில்தான் குடியிருக்கிறான் என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டேன். என் கூடப்பிறந்த தம்பி. ஒன்பது வருஷமாக இந்த வீட்டில் அவன் பெயரை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அப்பா இறந்த அன்று நான் மதுரையில் ஆபீஸ் பயிற்சியில் இருந்தேன். கிருஷ்ணன்கோவில் வந்தாச்சு, அரை மணி நேரம் நிறுத்தி வைலே என்று பஸ்ஸிலிருந்து அவனிடம் போனில் கதறினேன். எங்கள் ஊர் கான்சாபுரத்தில் போய் இறங்கினால், தலை சொட்டச் சொட்ட ஆண்கள் எதிரே வருகிறார்கள். எரித்துவிட்டுக் குளித்துவிட்டு வருகிறார்கள். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. அரை மணி நேரம்! ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. இனி உன் கையால் கொடுத்த எதிலும் நான் கை நனைக்க மாட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் கிடையாது. சாப்பாடு போனால் உறவு போச்சு. அவனாக வந்து தப்பு என்று சொல்லாதவரை அந்த வார்த்தை மாறாது.

14 ஜூன், சனி

இதை எழுதித்தான் தீர வேண்டும்.

ஏழு பெண்கள். சத்யப்பிரியா கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு டீச்சர் மாதிரி முன்னால் போனாள். முதல் வண்டியில் கோபி மஞ்சூரியன். அந்தச் சிவப்பை நான் ஹோலிப் பொடியில்தான் பார்த்திருக்கிறேன். போடுகிறவன் நெற்றி வியர்வையை வழித்து விட்ட அதே கையால் வெங்காயத்தாளை அள்ளித் தூவினான். இரண்டாவது வண்டிக்காரன் தட்டுக்குப் பாலித்தீன் பை மாட்டுகிறான். சுத்தம்தான் என்று நினைத்தேன். அந்தப் பையின் வாயைப் பிரிக்க, ஒவ்வொரு தடவையும் கட்டை விரலை நாக்கில் வைத்து நக்கிக்கொள்கிறான்! ஒருத்தியும் கண்டுகொள்ளவில்லை. ‘சூப்பர், சூப்பர்’ என்று தின்கிறாளுகள். மூன்றாவதில் சாஸ் பாட்டில் வாயில் காய்ந்த கருப்பு, அதன்மேல் ஈ. பக்கத்தில் ஒரு குடிகாரன் சிக்கன் ரைசைச் சட்டையில் கொட்டி, அங்கேயே பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். இதுதான் இரவு வாழ்க்கை. மூன்று கடையிலும் வாயில் எதையும் வைக்கவில்லை.

நாலாவது கடைக்கு எங்களைக் கூட்டிப்போகவில்லை. வெளிச்சமான ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். செத்த நேரத்தில் அவளே சந்துக்குள் போய்த் தட்டுகளை எடுத்து வந்தாள். மோமோ. கொழுக்கட்டை மாதிரி, ஆவி பறக்க, வெள்ளை வெளேர் என்று. உள்ளே முட்டைக்கோஸும் இஞ்சியும். பசி வேறு. ஒன்று தின்றேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதவே எரிகிறது. எட்டையும் தின்றேன். சட்னியை வழித்து நக்கினேன்.

கை கழுவச் சந்துக்குள் போனேன். வண்டிக்குப் பின்னால் தண்ணீர் டிரம். அங்கே அனுசியா மாவு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தம்பி பெண்டாட்டி. பக்கத்தில், இட்லிச் சட்டி மூடியைத் திறந்து பிடித்தபடி அவன்.

“அக்கா” என்றான்.

கழுவாத கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பஸ்ஸில் வர வர அந்தக் கையை மடியில் வைக்க முடியவில்லை, பிசுபிசு என்று. வீட்டுக்கு வந்து விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தேன். மூன்று தடவை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பாழாய்ப்போன வயிறு ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

15 ஜூன், ஞாயிறு

தெரிந்தேதான் செய்திருக்கிறாள். பட்டாளத்து மெஸ்ஸில், அருணாசலப் பிரதேசப் பக்கம் கற்றுக்கொண்ட சமையலாம். மாமா கடை போட்டு நாலு மாதமாம். இந்த உலா யோசனையே அவனோடு பேசப்போய் வந்ததாம். ஒரு வாய் தின்னுட்டா முடிஞ்சிரும்னு நினைச்சேம்மா என்கிறாள். ஏட்டி, என் ஒன்பது வருஷம் உனக்கு எட்டு மோமோவா? நான் சொன்ன சொல்லை எனக்கே தெரியாம நீ எப்படி உடைக்கலாம்? வேற எவளும் இப்படிப் பண்ணியிருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்.

இவருக்கும் தெரியுமாம். சிரிக்கவில்லை இன்றைக்கு. நல்லவேளை.

17 ஜூன், செவ்வாய்

இன்னும் எதைத் தின்றாலும் இஞ்சி வாசம். என் நாக்கை நினைத்தாலே அருவருப்பு.

21 ஜூன், சனி

சித்திக்கு எட்டிவிட்டது. கை நனைச்சிட்டியாமே தாயி, இனி என்ன என்று சந்தோஷத்தில் அழுகிறாள். முறைப்படி அவனும் வந்து என் வீட்டில் சாப்பிட்டுப் போக வேண்டுமாம், நாளைக்கு மத்தியானம் வருகிறார்களாம். யாரைக் கேட்டு? தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், நான் ஏமாந்து தின்றதை வைத்து உள்ளே நுழைகிறான். எச்சில் புத்தி. அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

பற்ற வைத்தேன். வெறும் சோறும் ரசமும் என்றுதான் ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் அடுப்பில் கறி கொதிக்கிறது, பக்கத்தில் அவனுக்குப் பிடித்த குடல் வறுவல். என்னைப் போல மானங்கெட்டவள் உண்டா?

வந்தார்கள். அனுசியா அடுப்படிக்குள் வந்து, மதினி ஏதாவது செய்யட்டுமா என்றாள். முகத்தைத் திருப்பாமல் கறியைக் கிளறினேன். இவர் இலை போட்டார். அவன் உட்காரவில்லை. தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொடவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்துச் சொன்னான்:

“அக்கா, நீ தெரியாமத் தின்னது தின்னதா ஆகாது. பாப்பா பண்ணினது தப்பு, நான் தடுத்திருக்கணும். தெரிஞ்சு வந்து நீயாத் தின்னாத்தான் உண்டு. அதுக்குப் பொறவு இங்கன உக்காருதேன்.”

அப்புறம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

“அன்னைக்குப் பெரியவங்க யாரும் அவசரப்படுத்தல. அக்கா வரட்டும்னுதான் சொன்னாக. நாந்தான் தூக்கச் சொன்னேன். என்னால அந்த முகத்தைப் பாத்துக்கிட்டே நிக்க முடியல. உன்னைப் பத்தி நினைக்கவே இல்லக்கா. தப்புதான்.”

போய்விட்டார்கள். நாலு இலையும் அப்படியே கிடந்தன. கறியை யாரும் தொடவில்லை. சாயங்காலம் எடுத்து எதிர்வீட்டில் கொடுத்தேன்.

23 ஜூன், திங்கள்

பெரியவர்கள் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம் அவன். ஏன் சொன்னான்?

28 ஜூன், சனி

சத்யப்பிரியா உலாவுக்குக் கிளம்பினாள். நாலாவது கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்றாள். மூன்று கடையோடு முடித்துச் சீக்கிரம் வந்துவிட்டாள்.

2 ஜூலை, புதன்

டைப் அடிக்கும்போது ஒரு வாக்குமூலத்தில் ‘தகப்பனார் முகம்’ என்று வந்தது. அந்த வரியைத் தாண்ட ரொம்ப நேரம் ஆயிற்று.

5 ஜூலை, சனி

ஆபீஸ் லீவு. யாரிடமும் சொல்லாமல் நாலு மணிக்கு ராஜபாளையம் பஸ் ஏறினேன். அவன் அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தான். சாக்கடை ஓரம்தான் வண்டி. எலி ஒன்று டிரம்முக்கு அடியில் ஓடியது. இந்த இடத்தில் நின்று மனுஷன் தின்பானா என்றுதான் இப்போதும் தோன்றியது.

“ஒரு பிளேட் குடுலே” என்றேன்.

அனுசியா கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, பால் வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவன் தட்டை வைத்தான். நான் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, முழுங்கிய பிறகு கேட்டேன்.

“அப்பா முகம் எப்படிலே இருந்துச்சு?”

அடுப்பைத் தணித்தான். பிறகு சொன்னான். நாலு நாள் தாடி, வெள்ளையாக. இடது கண் சரியாக மூடவில்லை. திருநீறு பூசிய நெற்றியை ஈ மொய்க்காமல் அவன்தான் விசிறிக்கொண்டிருந்தானாம். வாய் மட்டும், ஏதோ கேட்க வந்த மாதிரி. எட்டும் தின்று முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு பேர் பிளேட் கேட்டு வந்தார்கள். இன்னும் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

நாளை மத்தியானம் வருகிறார்கள். கறிக்கடைக்குக் காலையிலேயே போகும்படி இவரிடம் சொல்ல வேண்டும்.